பீடித்தட்டும் கதைப் புத்தகமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னபோது தலைவி அக்கா, "நீ சேமிப்பு, கடன்னு எதுவும் பேச வேண்டாம். அதைப் பேச ஆள் இருக்கு. எப்பப் பார்த்தாலும் கையில புத்தகத்தோட இருக்கியே, அதைப் பத்திப் பேசு" என்றார்கள். இந்த ஊரில் என்னை ரொம்பப் பேர் 'கதைப் புத்தகக்காரி' என்றுதான் சொல்வார்கள். சில பேர் பாசமாகச் சொல்வார்கள். சில பேர் வேறு மாதிரிச் சொல்வார்கள். எனக்கு இரண்டுமே பழகிப்போச்சு.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். பெரிய மனுசி ஆனதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் நம்ம பக்கம் அதுதான் வழக்கம். பள்ளிக்கூடம் நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. அதற்குக் காரணம் பீடி.

நம்மில் பாதிப் பேருக்கு மேல் பீடி சுற்றினவர்கள், இன்னும் சுற்றுகிறவர்கள். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எங்கள் தெருப் பெண்கள் எல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும் நூலும். கையும் கண்ணும் தட்டில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். எங்க அம்மாவுக்கு எழுத்து தெரியாது. "ஏட்டி, அந்த ராணியை எடுத்து வாசிட்டி, காது சும்மாதான கெடக்கு" என்பாள். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். ராணி வார இதழில் வந்த தொடர்கதையை உரக்க வாசிப்பேன். அழுகிற இடத்தில் எல்லாரும் அழுவார்கள். கதையில் வருகிற மாமியாரைத் திட்டுவார்கள், தங்கள் மாமியார் பக்கத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்டுவார்கள். 'தொடரும்' என்று வந்துவிட்டால், "அவ்வளவுதானா, பக்கத்தைத் திருப்பிப் பாரு" என்று ஒரு ஆச்சி வாராவாரம் கேட்பாள்.

நான் வாசிக்கிற நேரத்தில் என் பங்கு பீடியைச் சுற்ற முடியாது இல்லையா? அதை அந்தப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி என் தட்டில் போட்டுவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து அப்படிச் செய்யவில்லை. பல வருசம் கழித்து ஒரு புத்தகத்தில் பார்த்தேன். கேரளாவில் கண்ணூர் பக்கம் பீடித் தொழிலாளர்களிடமும் இதே வழக்கம் இருந்திருக்கிறது. ஒருத்தர் செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டே நாட்டு நடப்பு பேசக் கற்றுக்கொண்டவர்கள் அங்கே ஏராளம். அதைப் படித்த அன்றைக்கு எங்கள் திண்ணையை நினைத்து எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. வாசிப்பு என்றால் தனியாக ஒரு அறையில், ஃபேன் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து செய்வது என்று நினைக்கிறோம். நம்ம பக்கம் அது கூடி உட்கார்ந்து, வேலையைப் பங்கு போட்டுச் செய்ததாக இருந்திருக்கிறது. நம்ம குழு மாதிரியே.

எனக்கு என்ன மாதிரிப் புத்தகம் பிடிக்கும் என்று கேட்டால், முதலில் கதைதான். லட்சுமி, சிவசங்கரி, அனுராதா ரமணன், ரமணிசந்திரன் என்று கிடைத்ததை எல்லாம் படித்தேன். வார இதழில் வருகிற தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டிப் புத்தகமாக்கி வைப்பேன். அப்படி ஒரு தகரப் பெட்டி நிறைய வைத்திருந்தேன். கல்யாணத்துக்குச் சீராக வந்த பாத்திரங்களோடு அந்தப் பெட்டியும் வந்தது.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை பத்திரிகையில் தொடராக வந்தது, ஐந்து பாகம். எனக்குக் கிடைத்தது இரண்டாம் பாகம்தான் முதலில். முதல் பாகம் ஒரு வருசம் கழித்துத்தான் கிடைத்தது. சினிமாவாக 2022-இல் வந்தபோது எங்கள் குழுவில் பேரப்பிள்ளைகளோடு பார்க்கப் போனவர்கள், "இந்தக் கதையைத்தான் நீ பீடி சுத்தும்போதே சொல்லிட்டியே" என்றார்கள்.

இந்தக் கதைப் புத்தகத்துக்குத்தான் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். பையன் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் சத்தம் போடாமல் நடப்போம். பெண்பிள்ளை கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தால், "சும்மாதான இருக்க, அந்தப் பாத்திரத்தைக் கழுவு" என்போம். என் மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் நான் புத்தகத்தைக் கையில் எடுத்தால் அவருக்கு ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும். அதனால் மளிகைக்கடைப் பொட்டலம் சுற்றி வந்த தாளை அடுப்படியில் நின்றே வாசிப்பேன். பாதிக் கதை ஒரு தாளில் இருக்கும், மீதி எந்த வீட்டுப் பருப்பைச் சுற்றிப் போனதோ தெரியாது. முடிவை நானே யோசித்து வைத்துக்கொள்வேன்.

அடுப்படியில் ஒளித்துப் படித்தது நான் மட்டும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. வங்காளத்தில் ராசசுந்தரி தேவி என்று ஒரு அம்மா. சுமார் 150 வருசத்துக்கு முன்னால் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினவர். பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பின காலம் அது. வீட்டில் இருந்த ஒரு சாமி புத்தகத்தில் இருந்து ஒரே ஒரு ஏட்டை எடுத்து அடுப்படியில் ஒளித்து வைத்துக்கொண்டார். மகன் எழுதிப் பழகின பனையோலையையும் வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, ஆள் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தானே கற்றுக்கொண்டார். பன்னிரண்டு பிள்ளை பெற்றவர். அவருக்கு எப்போது நேரம் கிடைத்தது என்று நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கும். வங்க மொழியில் வந்த முதல் தன்வரலாறு அவர் எழுதினதுதான் என்கிறார்கள்.

நம்ம தமிழ்நாட்டிலேயே வை.மு. கோதைநாயகி அம்மாள் இருந்தார். 1901-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை, ஐந்து வயது முடிந்ததும் கல்யாணம். அவருக்குக் கதை சொல்லத் தெரியும், எழுத வராது. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். பிறகு தானே எழுதக் கற்றுக்கொண்டு 115 நாவல் எழுதினார். 1925-இல் 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையைத் தன் பொறுப்பில் எடுத்து நடத்தினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், நம்ம குழுக்களில் இன்னும் கைநாட்டு வைக்கிற ஆச்சிமார் இருக்கிறார்கள். "எனக்கு எழுத்து தெரியாது, புத்தகம் எனக்கு எதுக்கு" என்பார்கள். ஆச்சி, 115 நாவல் எழுதின அம்மாவும் உங்களை மாதிரிச் சொல்லிக்கொண்டு இன்னொருத்தியை எழுதச் சொன்னவர்தான். எழுதிக் கொடுக்க அவருக்கு ஒரு தோழி இருந்தார். உங்களுக்குக் குழுவில் இத்தனை பேர் இருக்கிறோம்.

கதைக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்தது, உழைக்கிற சனங்களைப் பற்றி எழுதின புத்தகம். ராஜம் கிருஷ்ணன் எழுதின 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றினது. 'கூட்டுக் குஞ்சுகள்' சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றினது. அவர் வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக எழுதினவர் இல்லை. அந்தந்த ஊருக்கே போய், அந்தச் சனங்களோடு பேசிப் பழகி எழுதினவர். அதுவரைக்கும் நான் படித்த கதைகளில் கார் இருக்கும், பங்களா இருக்கும், காலையில் காபி இருக்கும். உப்பில் நின்று கால் வெடித்த பொம்பளை கதையில் வருவாள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து விருதுநகர் மாவட்டத்துக்காரர் பாமா. அவர் எழுதின 'கருக்கு' 1992-இல் வந்தது. நாம பேசுகிற பேச்சிலேயே எழுதியிருக்கிறார். சாதியினால் பட்ட அவமானத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதைக் குழுவில் இரண்டு பேருக்குக் கொடுத்தேன். ஒருத்தி படித்துவிட்டு, "இதை எல்லாம் எழுதலாமாக்கா? எழுதினா புத்தகமா போடுவாங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரி அவளும் நானும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பத்து வருசம் ஒரே குழுவில் இருந்தும் அவள் அதுவரை சொல்லாததை எல்லாம் சொன்னாள். அந்தப் புத்தகம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவைத் திறந்துவிட்டது.

சமையல் புத்தகமும் எனக்குப் பிடிக்கும். சிரிக்காதீங்க. 'சமைத்துப் பார்' என்று எஸ். மீனாட்சி அம்மாள் எழுதின புத்தகம் 1951-இல் வந்தது. இள வயதிலேயே கணவனை இழந்த அம்மா அவர். தன் கைப்பக்குவத்தை அளவோடு எழுதி வைத்தார். இன்றைக்கும் அது விற்கிறது. நம்மிடம் கேட்டால், "உப்பு கைக்கு வந்தபடி, மிளகாய் கண்ணளவு" என்போம். நம்ம ஊறுகாய்க் குழுவுக்கு நான் அடிக்கடி சொல்வது இதுதான்: அளவை எழுதி வையுங்கள். எழுதி வைத்தது நம்ம காலத்துக்குப் பிறகும் நிற்கும்.

என் வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருசம் ஆகிறது. புத்தகம் துக்கத்தை ஆற்றும் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் ஆறு மாசம் ஒரு வரி ஓடவில்லை. அதற்குப் பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வரும்போது, லைட்டைப் போட்டு ஏற்கெனவே படித்த பழைய கதை எதையாவது எடுப்பேன். முடிவு தெரிந்த கதைதான். அதனால்தான் எடுப்பேன். அடுத்து என்ன ஆகுமோ என்ற பயம் இல்லாத இடம் அப்போது எனக்கு அது ஒன்றுதான்.

கதை படிக்கிறதால் காசு வருமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் இருந்து கடன் கொடுக்க வந்தார்கள். 12,000 ரூபாய் கடன், 12 மாதத் தவணை, வட்டி 12 சதவீதம். "உங்க கூட்டமைப்பிலயும் 12 தான, எங்ககிட்டயும் 12 தான்" என்றார் வந்தவர். சின்ன எழுத்தில் நாலு பக்கம் தாள். எனக்கு நாலு பக்கம் பெரிசில்லை, நானூறு பக்கம் படிக்கிறவள். உட்கார்ந்து வாசித்தேன். நம்மிடம் குறையும் அசலுக்குத்தான் வட்டி. மாதம் 1,000 அசல் கட்டினால், முதல் மாத வட்டி 120, அடுத்த மாதம் 110, கடைசி மாதம் 10 ரூபாய். கூட்டினால் வருசத்துக்கு 780 ரூபாய். அவர்களிடம் கடைசி வரைக்கும் முழு 12,000-க்கும் வட்டி. 1,440 ரூபாய். அதே 12 சதவீதம், ஆனால் 660 ரூபாய் வித்தியாசம். வந்தவரிடம் கேட்டேன், தாளை வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டார். கணக்கு எனக்கு ஒன்றும் பெரிதாக வராது. ஆனால் ஒரு தாளைக் கண்டு பயப்படாமல் முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை போகிற பழக்கம் கதை படித்துப் படித்துத்தான் வந்தது.

இருந்தாலும் சொல்கிறேன், கடன் பத்திரம் படிக்க உதவும் என்பதற்காக மட்டும் படிக்காதீர்கள். நாம எதைச் செய்தாலும் வீட்டுக்கு, பிள்ளைக்கு, குழுவுக்கு என்றுதான் செய்கிறோம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் எனக்குப் பிடித்தது என்பதற்காக மட்டுமே ஒன்றைச் செய்கிறேன் என்று சொல்ல நமக்கு வாய் வர மாட்டேன் என்கிறது. எனக்கு அது புத்தகம். காதல் கதையோ, துப்பறியும் கதையோ, பக்திப் புத்தகமோ, ராசாராணிக் கதையோ, உங்களுக்குப் பிடித்ததைப் படியுங்கள். இதெல்லாம் ஒரு புத்தகமா என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்கே விதி வகுத்துக் கொடுத்தவர். வாசிக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவருக்கு ஏற்ற புத்தகம் உண்டு என்பது அந்த விதிகளில் ஒன்று. நமக்கான புத்தகமும் எங்கேயோ ஒரு அலமாரியில் இருக்கிறது.

இன்னொரு முக்கியமான விசயம். "முன்ன நல்லா படிப்பேன், இப்ப எழுத்தே மறந்துபோச்சு" என்று நாற்பது வயது தாண்டின நிறையப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தாளைக் கொடுத்தால் கையை நீட்டி எட்டத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். எழுத்து மறக்கவில்லை மதினி. அது வெள்ளெழுத்து. நாற்பது வயதுக்கு மேல் எல்லாருக்கும் வருவது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் பேத்தியைக் கூப்பிடுகிறோமே, அதே கோளாறுதான். ஒரு கண்ணாடி போட்டால் தீர்ந்துபோகும். என் மூத்த மதினி கண்ணாடி போட்ட அன்றைக்குத் தன் பாஸ்புக்கை எடுத்து, முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்து வாசித்தார். பல வருசமாக ஊக்குநர் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர் அவர். கண்ணாடி இல்லாமல் வாசிப்பை விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, விழா முடிந்ததும் கூட்டமைப்புத் தீர்மான நோட்டில் ஏற்றச் சொல்லி மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு, கடன் எழுதி முடித்த பிறகு கால் மணி நேரம் ஒருத்தர் உரக்க வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். வாசிக்கிறவருக்கு அன்றைக்கு டம்ளர் கழுவுகிற வேலை வேண்டாம்.

இரண்டாவது, ஒரு புத்தகப் பெட்டி. நம்ம வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்காக நாம கட்டுகிறோம். அப்படியென்றால் நூலகத்தில் இருக்கிற புத்தகம் நம்ம காசில் வாங்கினது. கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்து எடுத்து வரலாம். தூரமாக இருக்கிறவர்களுக்குப் பெட்டி போகட்டும். 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள். நமக்கு ஒரு தகரப் பெட்டியும் ஷேர் ஆட்டோவும் போதும். மாதம் ஒரு குழு என்று பெட்டி சுற்றட்டும். யார் எடுத்தார், எப்போது கொடுத்தார் என்று கடன் பேரேடு மாதிரியே ஒரு நோட்டு. ஒரு ரூபாய் கூட விடாமல் கடனை வசூல் பண்ணுகிறவர்கள் நாம். நம்ம கையில் ஒரு புத்தகம் தொலையுமா?

மூன்றாவது, வருசத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை முகாம். கண்ணாடி வாங்க முடியாதவர்களுக்கு உள்கடன் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுக்கிறோம், கண்ணுக்குக் கொடுக்கக் கூடாதா?

பெட்டிக்கு முதல் முப்பது புத்தகம் நான் தருகிறேன். அதில் எட்டு, நான் கோணி ஊசியால் தைத்து வைத்த தொடர்கதைகள். தாள் பழுத்துப் போயிருக்கும், மெதுவாகத் திருப்புங்கள். சில கதையில் நடுவில் ஒரு வாரப் பக்கம் இருக்காது. அந்த வாரம் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.